முன்னோர் மரபும் பவுலடியாரும்

சிலிசியா நாட்டுத் தர்சு நகரில் யூதக் குடியில் பிறந்த சவுல், எருசலேமில் கமாலியேலின் அடியிணையில் அமர்ந்து திருச்சட்டம் பயின்றவர். கூடாரத் தொழிலும் அறிந்தவர். முன்னோர் மரபில் தம் வயதொத்தாரை விஞ்சிய பற்றுடையவர். ஸ்தேவான் கல்லெறியுண்டு மாண்டபோது எறிந்தோரின் ஆடைகளைக் காத்து நிற்கவும், இயேசுவின் அடியாரைச் சிறைபிடிக்கத் தமஸ்குவுக்குப் புறப்படவும் அவரை உந்தியது அப்பற்றே.

வழியில் அவர்மேல் வீசிய பேரொளி அவ்வாழ்வைத் திருப்பியது. கற்றோர் எள்ளிய சிலுவையிலேயே இறைஞானம் வெளிப்பட்டதெனப் பவுலாகிய அவர் கொரிந்தியருக்கு எழுதினார். புறவினத்தாரோடு உண்பதினின்று விலகிய பேதுருவை அந்தியோகியாவில் நேர்நின்று கண்டித்தார். எனினும், யூதத் தாய்க்கும் கிரேக்கத் தந்தைக்கும் பிறந்த தீமோத்தேயுவுக்கு, அவ்வூர்ப்புற யூதர்பொருட்டு விருத்தசேதனம் செய்வித்தவரும் அவரே.

மரபை அவர் துறந்தாரா, காத்தாரா? கி.பி. 57-ஐ ஒட்டி ரோமருக்கு எழுதிய நிருபம் விடை பகர்கிறது. விருத்தசேதனம் பெறுமுன்பே ஆபிரகாம் விசுவாசத்தால் நீதிமானாக எண்ணப்பட்டார் என்பது அவர் வாதம். முன்னோரை அவர் தள்ளவில்லை. மோசேயின் சட்டத்துக்கும் முற்பட்ட மூதாதையையே சான்றாக நிறுத்தினார். கிறிஸ்துவை ஏற்காத தம் இனத்தாருக்காகத் தாமே சாபத்துக்குள்ளாகவும் விழைந்த அவரது துயரமும் அந்நிருபத்தில் உண்டு.

நீரோவின் ஆட்சியில் ரோமாபுரியில் அவர் உயிர்நீத்தார் என்பது திருச்சபை மரபு. காட்டொலிவக் கிளைகளாய் ஒட்டப்பெற்ற புறவினத்தார், தம்மைத் தாங்கும் வேரை இகழலாகாது என்ற எச்சரிக்கையே அவர் தம் முன்னோர்க்குச் செலுத்திய நன்றிக்கடன்.