108 நிமிடத்தில் உலகைச் சுற்றிய தச்சர் மகன்

1961-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி. 27 வயது இளைஞர் ஒருவர் ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்குச் சென்றார். பூமியை ஒரு முறை சுற்றிவிட்டு, 108 நிமிடத்தில் உயிருடன் திரும்பி வந்தார்.

அதற்கு முன் எந்த மனிதனும் செய்யாத காரியம் இது! அவர்தான் யூரி ககாரின்.

மண் குடிசை

ருஷியாவில் ஸ்மாலென்ஸ்க் பகுதியில், குளூஷினோ என்ற சிற்றூரில், 1934 மார்ச் 9-ந் தேதி ககாரின் பிறந்தார். தந்தை தச்சு வேலை செய்தார். தாய் கூட்டுப் பண்ணையில் பால் கறந்தார்.

யூரிக்கு 7 வயதானபோது, ஜெர்மானியப் படை ஊருக்குள் புகுந்தது. அவர்கள் வீட்டைப் பறித்துக்கொண்டது. மண்ணைத் தோண்டிக் குடிசை போட்டு, அதில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் குடும்பம் ஒண்டிக் கிடந்தது. அண்ணனையும் அக்காவையும் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்த பிறகுதான் அவர்கள் வீடு திரும்பினார்கள்.

யூரி, படிப்போடு இரும்பு வார்ப்பு வேலையும் கற்றார். சரத்தாவ் நகரில் தொழிற்கல்வி படித்தபோது, அங்கிருந்த கிளப்பில் சேர்ந்து விமானம் ஓட்டப் பழகினார். பிறகு விமானப் படையில் சேர்ந்தார். 1957-ல் வாலன்டினாவை மணந்தார். 2 பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

1960-ல் விண்வெளிப் பயிற்சிக்கு 20 விமானிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். ககாரினும் அவர்களில் ஒருவர். அவர் உயரம் 5 அடி 2 அங்குலம்தான். சிறிய கூண்டுக்குள் உட்கார அது வசதியாக இருந்தது.

ஏன் அத்தனை வேகம்?

ககாரின் சென்ற வோஸ்டாக் கப்பல், மணிக்கு சுமார் 27,400 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்தது. துப்பாக்கிக் குண்டின் வேகத்தைப்போல் சுமார் 10 மடங்கு!

இத்தனை வேகம் எதற்கு?

ஒரு கல்லை வீசினால், சிறிது தூரம் போய் விழுகிறது. வேகமாக வீசினால், இன்னும் தள்ளி விழுகிறது. பூமியோ உருண்டை. 8 கிலோ மீட்டர் போவதற்குள், அதன் தரை 5 மீட்டர் வளைந்து இறங்கிவிடுகிறது. விழும் பொருளும் முதல் வினாடியில் 5 மீட்டர்தான் இறங்கும்.

ஆகவே, காற்றுத் தடை இல்லாத உயரத்தில், வினாடிக்கு சுமார் 8 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் பொருள் விழுந்துகொண்டே இருக்கும். தரையும் விலகிக்கொண்டே இருக்கும். அது தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றும். ராக்கெட் எரிந்து முடிந்த பிறகும் வோஸ்டாக் சுற்றியது இதனால்தான்.

பம்பரம் போல் சுழன்றது

கீழே இறங்க வேண்டுமானால், அந்த வேகத்தை இழக்க வேண்டும். அதில்தான் ஆபத்து இருந்தது.

ஆப்பிரிக்காவுக்கு மேலே பறந்தபோது, வேகத்தைக் குறைக்கும் ராக்கெட் எரிந்தது. கப்பல் கீழே சரிந்தது. அப்போது, ககாரின் இருந்த உருண்டையிலிருந்து பிரிய வேண்டிய பின்பகுதி, கம்பிகள் பிணைத்திருந்ததால் சரியாகப் பிரியவில்லை. கப்பல் பம்பரம்போல் சுழன்றது. சுமார் 10 நிமிடம் இந்த நிலை நீடித்தது.

கடைசியில், காற்றில் உராய்ந்த சூட்டிலேயே கம்பிகள் எரிந்து அறுந்தன. உருண்டை விடுபட்டது.

7 கிலோ மீட்டர் உயரத்தில் ககாரின் கப்பலை விட்டு வெளியேறி, பாராசூட்டில் இறங்கினார். இறங்கிய இடம் சரத்தாவ் பகுதியில் ஒரு வயல்வெளி. அவர் விமானம் ஓட்டப் பழகிய அதே பகுதி! ஆரஞ்சு நிற உடையில் வந்தவரைக் கண்டு, வயலில் இருந்த பாட்டியும் பேத்தியும் பயந்துபோனார்கள்.

கொடுக்காத கடிதம்

புறப்படுவதற்கு 2 நாள் முன்பு, ககாரின் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். தான் திரும்பாவிட்டால் துக்கத்தில் மனம் உடைந்துவிட வேண்டாம் என்றும், குழந்தைகளை நல்லபடியாக வளர்க்க வேண்டும் என்றும், தன் வாழ்வை மனைவி தன் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். அவர் திரும்பி வந்துவிட்டதால், கடிதத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

1968 மார்ச் 27-ந் தேதி, பயிற்சிக்குச் சென்ற ஜெட் விமானம் விழுந்து நொறுங்கி, ககாரினும் உடன் சென்ற விமானியும் மாண்டார்கள். அப்போது ககாரினுக்கு வயது 34.

அதன் பிறகே அந்தக் கடிதம் வாலன்டினாவின் கைக்கு வந்தது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 2 பெண்களையும் வளர்த்து ஆளாக்கினார். 52 ஆண்டுகள் கழித்து, 2020-ல் காலமானார்.