ஊரையே ஏடாக்கிய பேராசிரியர்

கில்பர்ட் சிலேட்டர் 1864இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் பயின்ற ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்தவர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரானார். பாடநூலோடு அவர் நிற்கவில்லை. 1916இல் மாணவர்களைத் தத்தம் ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் நிலை 1918இல் நூலாயிற்று. 1938இல் அவர் மறைந்தார். ஆயினும் பின்வந்த ஆய்வாளர் அவ்வூர்களுக்கே மீண்டும் சென்று, மாற்றத்தை அளந்தனர்.

இயற்பியல் பயிலும் எனக்கு இதுவும் சோதனைச்சாலைப் பாடமாகவே படுகிறது. எங்கள் சோமனூரில் விசைத்தறியைக் கூலிக்கு ஓட்டும் வீடுகள் பல. பாவு யாருடையது, கூலி எவ்வளவு, தறி வாங்கிய கடனுக்கு வட்டி என்ன என்பதெல்லாம் என் தந்தைக்கு மனக்கணக்கு, எழுதி வைத்ததில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் எழுதாவிட்டால் அந்தக் கணக்கு அவரோடு போய்விடும். கோடை விடுமுறை வருகிறது, நண்பர்களே! ஆளுக்கொரு ஊரை எழுதுவோம்.