முரசு யாருடையது?

தோட்டத்திலே ஒரு பத்திரிகை வந்தால் பத்துப் பேர் படிப்போம். எழுத்துத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர்கள் லயத்து வாசலில் குந்திக் கேட்போம். ஆனா எந்தப் பத்திரிகையை வாங்குவது என்பதில் அந்தக் காலத்தில் பெரிய வழக்கே நடக்கும். விலையைவிட, அது யாருடைய பத்திரிகை என்பதுதான் பேச்சு. 1924ல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன் ஒரு பக்கம். சிங்கப்பூரிலிருந்து வந்த சாரங்கபாணியின் தமிழ் முரசு மறு பக்கம். நேசனும் தோட்டத் தொழிலாளர் குறைகளை எழுதாமல் இல்லை. இருந்தாலும் சீர்திருத்தம் பேசியவர்கள் முரசையே தேடினார்கள்.

கோ. சாரங்கபாணி 1903ல் திருவாரூரில் பிறந்தவர். 1924ல் சிங்கப்பூர் வந்து கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். பெரியார் 1929 கடைசியில் மலாயா வந்து போனது அவரைப் போன்ற இளைஞர்களை உலுக்கிவிட்டது. பிறகு தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. அந்தச் சங்கத்தின் வார ஏடாக 1935 ஜூலை 6ல் முரசு வெளிவந்தது. விலை ஒரு காசு. ஆம்பளைக்கே நாட்கூலி ஐம்பது காசைத் தாண்டாத காலம் அது. ஒரு காசும் நமக்குக் காசுதான்.

சங்கத்தின் ஏடு கொஞ்ச காலத்தில் சாரங்கபாணியின் சொந்த ஏடாயிற்று. 1937ல் நாளேடானது. முதலாளியும் அவரே, ஆசிரியரும் அவரே. ஆகவே அவர் நெஞ்சில் இருந்தது அப்படியே பக்கத்தில் ஏறியது. சாதி வேண்டாம், கள்ளு வேண்டாம் என்று எழுதினார். எழுதினதோடு நிற்காமல் 1937ல் ஒரு சீனப் பெண்மணியை மணந்துகொண்டார். (வீட்டிலே ஒண்ணு, ஏட்டிலே ஒண்ணு என்றிருந்தவர்களை நாம் பார்க்காதவர்களா?) அவரை ஒப்பியவர்கள் முரசை வாங்கினார்கள். ஒப்பாதவர்கள் தொடவே இல்லை.

ஐம்பதுகளில் தமிழர் திருநாள் கொண்டாடச் சொன்னார். குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி ஓயாமல் எழுதினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு நிதி திரட்டினார். கூலி வாங்கிப் பிழைத்தவர்களும் கொடுத்தார்கள். அவர் பத்திரிகை என்ற நம்பிக்கையிலே கொடுத்த காசு அது.

அதே பத்திரிகையில் 1963ல் வேலைநிறுத்தம் வந்தது. உழைக்கிறவனுக்காகப் பேசிய ஏட்டை, அதில் உழைத்தவர்களே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறக்குறைய ஓராண்டு முரசு வரவில்லை. 1964ல் தமிழ் மலர் என்ற புதிய நாளேடு கிளம்பியது. முரசும் திரும்ப வந்தது. ஆனால் சங்கத்தில் சேர்ந்திருந்த நம்மவர்களுக்கு அன்று சங்கடம்தான். சாரங்கபாணியை விட மனசில்லை. நிறுத்தம் செய்த தொழிலாளியைக் கைவிடவும் மனசில்லை. ஒரு பத்திரிகைக்குத்தான் காசு. எதை வாங்குவது?

சாரங்கபாணி 1974 மார்ச் 16ல் காலமானார். முரசைக் குடும்பத்தார் நடத்தினார்கள். 1995ல் அது சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் கைக்கு மாறியது. அன்று அதற்குப் போட்டியாயிருந்த நேசன் 2019ல் நின்றுபோனது.