ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 - மே 1960) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய மருத்துவரும் மறைப்பணியாளரும் ஆவார். இராணிப்பேட்டையில், அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தார். இவரது பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி தொடங்கியவர். தந்தையும் மருத்துவரே.

இளமை

தாது வருடப் பஞ்சத்தின்போது (1876-78) பட்டினியால் வாடிய குழந்தைகளைச் சிறுமியாகக் கண்டவர் ஐடா. பின்னர் அமெரிக்காவில் பயின்ற காலத்தில், குடும்பத்தார் சென்ற வழியில் தாம் செல்வதில்லை என்று உறுதி கொண்டிருந்தார். 1890-இல் நோயுற்ற தாய்க்கு உதவியாகத் திண்டிவனம் வந்ததும் சிறிது காலம் தங்கித் திரும்பும் எண்ணத்துடனேயே ஆகும்.

திண்டிவனத்து இரவு

அங்கு ஓர் இரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக ஐடாவைத் தேடி வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முசுலிம், மற்றவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது என்று கூறிய ஐடா, தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தொடுவதை மூவருமே ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

இந்நிகழ்ச்சி ஓர் அற்புதம் போலச் சொல்லப்படுவதுண்டு. உண்மையில் அவ்வீட்டில் தேர்ந்த மருத்துவர் இருந்தார். பெண் மருத்துவர்தான் இல்லை. ஐடா இதனை இறைவனின் அழைப்பாகக் கொண்டார். அவ்வழைப்புக்குக் கீழ்ப்படிவதென்பது வேண்டுதலோடு நிற்காது, தாமே மருத்துவம் கற்பது என்று உணர்ந்தார். அமெரிக்கா திரும்பி, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண் மாணவியர் அங்கு சேர்க்கப்பட்ட தொடக்க ஆண்டுகள் அவை.

வேலூர்ப் பணி

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்தார். எவரிடம் அனுபவப் பயிற்சி பெறலாம் என்று நம்பியிருந்தாரோ, அந்தத் தந்தை அவ்வாண்டிலேயே காலமானார். ஐடா ஊர் திரும்பவில்லை. ஒரே படுக்கையுடன் வீட்டிலேயே வைத்தியம் தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று சாலையோரத்திலும் நோயாளிகளைப் பார்த்தார்.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்று அரசு மருத்துவத் துறைத் தலைவர் கருதினார், வந்தவை 151.

கடினமான முடிவு

1930-களின் இறுதியில், பட்டயப் படிப்பு போதாது, பல்கலைக்கழகத்துடன் இணைந்த பட்டப்படிப்பு வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அதற்கான பெரும் நிதியைத் திரட்ட, ஆண்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டத்துக்கு ஐடா இணங்கினார். பெண்களுக்காகவே நிதி திரட்டி வந்த நெடுநாள் தோழி லூசி பீபாடி இதனைக் கடுமையாக எதிர்த்தார். பள்ளி மூடப்படுவதைவிட இம்மாற்றமே மேல் என்று கருதிய ஐடாவுக்கு இப்பிரிவு எளிதானதன்று. 1942-இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தனர்.

இறுதிக்காலம்

1946-இல் ஓய்வு பெற்றபின் கொடைக்கானலில் உள்ள தமது இல்லத்தில் வாழ்ந்தார். சமவெளியில் பெரியகுளம், வடுகபட்டி ஆகிய ஊர்களிலிருந்து வடக்கே தெரியும் பழனி மலைத்தொடரின் மீது அமைந்தது இவ்வூர். திருமணம் செய்துகொள்ளாத ஐடா, 89-ஆம் வயதில் அங்கேயே காலமானார்.