இருட்டுக்கு அஞ்சிய சிறுவன்

இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த புத்தகம் 'குவைதான்'. ஜப்பானியப் பேய்க்கதைகள் 17 அதில் இருக்கின்றன. (கடைசியில் பூச்சிகளைப் பற்றி மூன்று கட்டுரைகளும் உண்டு. அவற்றையும் படித்தோம் என்றால் பொய்யாகிவிடும்.) முட்டை போல் வழவழத்த, முகமே இல்லாத உருவத்தையும், மூச்சினாலேயே உயிரைக் குடிக்கும் பனிப் பெண்ணையும் சந்தித்த பிறகு, இரவில் தண்ணீர் குடிக்கக்கூட இருவர் இருவராகத்தான் எழுந்து போனோம். இதை எழுதியவர் அச்சம் என்பதையே அறியாதவராக இருப்பார் என்று எண்ணியிருந்தோம். அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தபோது எங்கள் எண்ணம் தவறு என்று தெரிந்தது.

லாஃப்காடியோ ஹெர்ன் 1850-ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று கிரேக்க நாட்டின் லெஃப்காடா தீவில் பிறந்தார். தாய் கிரேக்கப் பெண். தந்தை ஆங்கிலப் படையில் மருத்துவராயிருந்த அயர்லாந்துக்காரர். இரண்டு வயதில் டப்ளினுக்குக் கொண்டுவரப்பட்டார். அந்தக் குளிரும் தனிமையும் தாங்காத தாய் 1854-இல் மகனை விட்டுவிட்டு ஊர் திரும்பினாள். அதன்பின் அவன் தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தந்தையோ வேறு மணம் செய்துகொண்டு, படையுடன் நம் இந்தியாவுக்கு வந்துவிட்டார்.

சிறுவனை வளர்த்தவர் தந்தைவழிப் பெரிய அத்தை. செல்வமும் கத்தோலிக்க பக்தியும் மிகுந்த விதவை. ஐந்து வயதுப் பையன் இருட்டைக் கண்டு அலறுவது ஒரு நோய் என்றும், கண்டிப்பே அதற்கு மருந்து என்றும் அவர் வீட்டில் முடிவாயிற்று. ஒதுக்குப்புறமான ஓர் அறையில் அவனைத் தனியே படுக்க வைத்து, விளக்கை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினார்கள். நோய் தீரவில்லை, வளர்ந்தது. பெரியவர்கள் கெட்ட எண்ணத்தால் இப்படிச் செய்யவில்லை என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தவன் ஐந்து வயதுக் குழந்தை அல்லவா?

பதினாறாம் வயதில், இங்கிலாந்திலுள்ள அஷா கத்தோலிக்கக் கல்லூரியில் விளையாடும்போது கயிறு பட்டு இடக்கண் பார்வை போயிற்று. மற்றக் கண்ணும் கிட்டப்பார்வை. புகைப்படங்களில் எல்லாம் அவர் முகத்தைத் திருப்பியோ கண்களைத் தாழ்த்தியோ இருப்பது இதனால்தான். விரைவில் அத்தையின் செல்வமும் கரைந்தது. 1869-இல் பத்தொன்பது வயதில் கையில் காசில்லாமல் அமெரிக்கா சென்று, பட்டினி கிடந்து, பிறகு பத்திரிகை நிருபர் ஆனார். திருச்சபையை விட்டும் அவர் விலகிப் போனார். இதைப் படிக்கும் எங்கள் சகோதரிகளுக்கு அது வருத்தமாக இருக்கும். அந்த அறையை நினைத்து, அவருக்காகச் செபிக்கும்படி அவர்களை வேண்டுகிறோம்.

1890-இல் ஜப்பான் போய்ச் சேர்ந்து, மட்சுயே நகரில் ஆங்கில ஆசிரியரானார். அங்கே கொய்சுமி செட்சு என்னும் சாமுராய்க் குலப் பெண்ணை மணந்தார். மனைவி மக்களுக்குச் சொத்துரிமை கிடைக்க வேண்டுமென்று 1896-இல் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ எனப் பெயர் மாற்றிக்கொண்டார்.

எங்களை மிகவும் கவர்ந்தது இனிமேல் வருவதுதான். ஜப்பானியப் பழங்கதைகளைத் தாமே படிக்கும் அளவுக்கு அவருக்கு அம்மொழி வரவில்லை. செட்சுவுக்கு ஆங்கிலம் தெரியாது. இருவருமாக இலக்கணம் உதறிய ஒரு வீட்டு ஜப்பானிய மொழியை உண்டாக்கிக்கொண்டனர். செட்சு பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கிப் படித்துவிட்டு, இரவில் கணவருக்குக் கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது, சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. விளக்குத் திரியைத் தணித்துவிட்டுக் கேட்பாராம். கேட்கக் கேட்க முகம் வெளுத்துப்போகுமாம். சொன்ன செட்சுவுக்கே கெட்ட கனவுகள் வந்தனவாம்.

உடம்பெல்லாம் மந்திரம் எழுதி, காதுகளை மட்டும் மறந்துவிட்டதால் அவற்றைப் பேய்க்குப் பறிகொடுத்த குருட்டுப் பாடகன் ஹோயிச்சியின் கதையை எழுதிய நாட்களில், பொழுது சாய்ந்த பின்னும் அவர் விளக்கேற்றாமல் அறையில் இருந்தார். அடுத்த அறையிலிருந்து செட்சு மெல்ல ஹோயிச்சி என்று அழைத்தார். தாம் குருடன் என்றும், அழைப்பது யார் என்றும் உள்ளிருந்து கேட்டுவிட்டு அவர் மௌனமானார். ஐந்து வயதில் எந்த இருட்டுக்கு அலறினாரோ, அதே இருட்டில் இப்போது தாமாகவே உட்கார்ந்திருந்தார். ஆனால் இம்முறை கதவு பூட்டப்படவில்லை. கூப்பிடு தூரத்தில் ஒருத்தி இருந்தாள்.

'குவைதான்' 1904-இல் வெளிவந்தது. அவ்வாண்டே செப்டம்பர் 26 அன்று, 54-ஆம் வயதில், மாரடைப்பால் டோக்கியோவில் காலமானார். புத்தகத்தின் முன்னுரையில், பனிப் பெண்ணின் கதையைச் சொன்ன ஒரு விவசாயியைக்கூட அவர் மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். செட்சுவின் பெயரைக் காணோம். இது எங்களுக்குப் பெருங்குறையாகவே பட்டது. ஆகவே நூலகப் பிரதியின் முதல் பக்கத்தில், ஆசிரியர் பெயருக்குக் கீழே அவர் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறோம். நூலகச் சகோதரி எங்களை மன்னிப்பாராக.