கட்டுரையால் கல்லூரி இழந்தவர்

அகத்தியர் மலையின் அடிவாரத்திலே போனக்காடு என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. முற்காலத்தில் கொழுந்து பறிக்க வந்த தமிழரின் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். அத்தகைய தோட்டத்து லயத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து இதழியல் பயிலும் மாணவனை முதலில் மிரட்டுவது ஆங்கிலப் பத்திரிகையின் நடைதான். பள்ளியில் கற்ற இலக்கணம் தேர்வுக்கு உதவும்; ஒரு கட்டுரை எழுத அமர்ந்தால் கை தயங்கும். அவனுக்கு இந்நகரிலேயே ஒரு முன்னோடி வாழ்ந்தார். அவர்தாம் ஜி. பரமேசுவரன் பிள்ளை.

1864ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தை அடுத்த பள்ளிப்புறத்தில் பிறந்தவர் அவர். மகாராசா கல்லூரியில் மாணவராயிருந்தபோதே ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தொடங்கினார். அந்நாளில் திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் சென்னையிலிருந்து வந்த இராமய்யங்கார். அவரது ஆட்சியின் குறைகளைப் பரமேசுவரன் பிள்ளையும் அவர் தோழர் சிலரும் பத்திரிகையில் எழுதினர். எழுதியவர் யாவர் என்பது வெளிப்பட்டதும் கல்லூரிக் கதவு அவர்களுக்கு மூடப்பட்டது.

நம்மில் ஒருவனுக்கு இது நேர்ந்திருந்தால் அன்றே பேனாவை மூடி வைத்திருப்பான். அவரோ சென்னைக்குச் சென்றார். மாநிலக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். பேனாவையும் விடவில்லை.

1891இல் மலையாளி விண்ணப்பம் என வரலாறு கூறும் மனு திருவிதாங்கூர் மன்னரிடம் அளிக்கப்பட்டது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டனர். முன்னின்று உழைத்தவருள் நம் பிள்ளை ஒருவர். டாக்டர் பல்புவும் கையொப்பமிட்டார். உயர்ந்த அரசுப் பதவிகளில் வெளியூரார் நிறைந்திருக்க, மண்ணின் மைந்தர் ஒதுக்கப்படுகின்றனர் என்பதே முறையீடு. வெளியூரார் எனப்பட்டோரில் பெரும்பாலோர் தமிழகத்து அந்தணர். தமிழ் மாணவராகிய நாம் இதனை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக முகம் சுளிக்கவும் வேண்டியதில்லை. வசைமொழியை நம்பாமல், எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற கணக்கை எடுத்து வைத்தது அம்மனு. கட்டுரை எழுதக் கற்பவன் முதலில் பயில வேண்டிய பாடம் அது. சினம் எழுதத் தூண்டலாம், நிலைநிறுத்துவது சான்றே.

பின்னர் அவர் சென்னையில் ‘மதராஸ் ஸ்டாண்டர்டு’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியரானார். 1896இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர் சென்னைக்கு வந்தார். நேட்டாலில் இந்தியர் படும் துயரைத் தாயகத்துக்கு எடுத்துரைக்க வந்த காந்தியடிகளே அவர். அவருக்கு அன்று இங்கே பெரும்புகழ் இல்லை. அந்நிலையில், அப்பிரச்சினையை முன்னரே ஆழ்ந்து கற்றிருந்த பரமேசுவரன் பிள்ளை தம் அலுவலகத்துக்கு அவரை அடிக்கடி அழைத்து வழிகாட்டினார். பத்திரிகையின் பக்கங்களையும் தடையின்றித் திறந்துவிட்டார். காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் இவ்வுதவியை நன்றியோடு நினைவுகூர்கிறார்.

அத்துயரம் யாருடையது? நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளில் பெருந்தொகையினர் தமிழர். முதலாளி அடித்துப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி காந்தியடிகளிடம் வந்து நின்ற பாலசுந்தரம் ஒரு தமிழ்க் கூலியாள். ஒப்பந்தம் முடிந்த பின்னும் அங்கேயே தங்குவோர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதிக்க 1895இல் சட்டம் செய்தனர். தமிழ் அதிகாரிகளின் ஆதிக்கத்தை எதிர்த்துக் குரல் எழுப்பிய அதே மனிதர், தமிழ்க் கூலிகளுக்காக வாதாடத் தம் பத்திரிகையை ஒப்படைத்தார். அவர் எதிர்த்தது தமிழரை அன்று, அநீதியை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சிறந்த இந்தியர் பலரின் வாழ்வை ஆங்கில நூலாக வரைந்தார். இலண்டனும் பாரிசும் கண்டு பயண நூல் எழுதினார். இங்கிலாந்தில் சட்டம் பயின்று பாரிஸ்டரானார். ஆயினும் காலம் அவருக்குக் கருணை காட்டவில்லை. 1903இல், நாற்பது வயதும் நிரம்புமுன் மறைந்தார்.

நண்பர்களே! ஆங்கில நடை பயிற்சியால் வந்துவிடும். நாள்தோறும் ஒரு தலையங்கம் படித்து, ஒரு பத்தி எழுதினால் கை தேறும். அந்த நடையை யாருக்காகப் பயன்படுத்தப் போகிறோம் என்பதே கேள்வி. நேட்டாலின் கரும்புக் கொல்லையில் உழைத்தவரும் போனக்காட்டின் மலைச்சரிவில் உழைத்தவரும் ஒரே இனத்தவர். அவர்கள் கதையை உலகறியும் மொழியில் எழுத நம்மிடையே ஒருவன் முன்வருவானாயின், கல்லூரியை இழந்தும் கட்டுரையை இழக்காத அம்மனிதருக்கு அதுவே நாம் செய்யும் நன்றி.