வீட்டுக்கு வீடு சாமி கொடுத்த 'காலண்டர்' ராஜு!

பொத்தேரி, ஜன. 2-

புது வருஷம் பிறந்தாச்சு. பொத்தேரி, மறைமலைநகர் பக்கம் மளிகைக் கடைகளில் சும்மா கொடுத்த காலண்டர் ஆணியில் ஏறி விட்டது. தேதி கிழிக்கிறோம், ராகு காலம் பார்க்கிறோம். மேலே அட்டையில் சிரிக்கும் சாமிக்கு அந்த முகத்தைக் கொடுத்தவர் யார்? முக்கியமான ஆள் சி.கொண்டையராஜு.

1898-ம் ஆண்டு பிறந்த சென்னைக்காரர். எழும்பூர் பக்கம் ஓவியப் பள்ளியில் படித்தார். வாலிபத்திலேயே மனசு சாமியார் வாழ்க்கைக்குப் போனது. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கி, ரமணரைப் படமாக வரைந்தார்.

பிறகு நாடக கம்பெனியில் சீன் வரையும் வேலை. ஊர் ஊராகப் போன கம்பெனி 1940-களில் கோவில்பட்டியில் கலைந்தது. ராஜு அங்கேயே தங்கி விட்டார். கல்யாணம் கிடையாது. சிஷ்யர்கள்தான் குடும்பம்.

பக்கத்திலேயே சிவகாசி. தீப்பெட்டிக்கு லேபிள் அடித்து வளர்ந்த அச்சகங்களுக்கு காலண்டர் படம் தேவைப்பட்டது. ராஜு வரைந்து கொடுத்தார். நாடக மேடை பழக்கம் படத்திலும் வந்தது. பின்னால் தூண், திரை, தோட்டம். நடுவில் சாமி நம்மை நேராகப் பார்த்து நிற்கும்.

அவருடைய மீனாட்சி திருக்கல்யாணம் படம் ரொம்ப பிரபலம். அழகர் தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டாக வந்து கோபித்துத் திரும்பினார் என்பது சித்திரைத் திருவிழா கதை. படத்தில் அப்படி இல்லை. மதுரை கோவில் கம்பத்தடி மண்டப சிலையில் உள்ளபடி பெருமாளே தாரை வார்க்கிறார்.

ராஜா ரவிவர்மா 1894-லேயே மும்பையில் அச்சகம் வைத்து சாமி படம் விற்றவர். ஆனால் அது காசு கொடுத்து வாங்குகிற படம். காலண்டர் இனாம்.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் நுழைய முடிந்ததே 1939 ஜூலை 8-ந்தேதிதான். சிவகாசி அச்சகங்களை நடத்தியதும் அதே நாடார் சமூகத்தினர்தான். வாசலிலேயே தடுக்கப்பட்ட ஜனங்களின் குடிசைச் சுவரில், கொஞ்ச காலத்திலேயே அதே மீனாட்சி கல்யாணக் கோலத்தில் நின்றாள். கட்டணமும் இல்லை, வரிசையும் இல்லை.

வருஷம் முடிந்தாலும் படத்தைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. வெட்டி பிரேம் போட்டு விடுவார்கள். ஓரத்தில் இருக்கும் கையெழுத்து சட்டத்துக்குள் மறைந்து விடும். அப்புறம் பேர் எப்படித் தெரியும்?

சில படங்களில் தன் பேரோடு சிஷ்யர் டி.எஸ்.சுப்பையா பேரையும் ராஜு சேர்த்தே போட்டார். 1976-ல் அவர் காலமான பிறகும் சிஷ்யர்கள் காலண்டருக்கு சாமி வரைந்தார்கள்.